வாசல் பார்த்த முட்டுச்சிவப்பு

கப்பல்காரத் தெருவுக்கு எட்டுக்கால் பூச்சிகள் வந்தது ஓர் ஐப்பசி மாதத்து மழைக்காலையில்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் முதலில் வந்தது யார் வீட்டுக்கு என்பதில் மட்டும் இன்றுவரை சண்டை தீரவில்லை, ஏனென்றால் அன்று கண்விழித்த ஒவ்வொரு பெண்ணும் தன் பக்கத்துத் தலையணையில், கடலுக்குப் போன புருஷன் தலைவைத்து வைத்துக் குழிந்துபோன அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பருத்த உடம்பும் தடித்த கால்களும் உடம்பெல்லாம் ரோமமுமாக ஒன்று எட்டுக் காலையும் பரப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். யாரும் அலறவில்லை. ரொசாரி அக்கா மட்டும் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாளாம். அந்தப் பூச்சியோ ஓடாமல் ஒளியாமல் முன்கால் இரண்டையும் தூக்கி, 'அடி பார்ப்போம்' என்று எதிர்த்து நின்றிருக்கிறது. தன் புருஷன் சண்டைக்கு நிற்கிற அதே நிற்பைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "இவியளா" என்று சொல்லி, அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே கிடக்கிற அந்தத் தெருவில் ஆண்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கப்பலில்தான் இருப்பார்கள். ஒருவர் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுவார், ஒருவர் சமைப்பார், ஒருவர் கயிறு இழுப்பார். பெண்கள் வெறும் தலையணையோடு குடித்தனம் நடத்திப் பழகியவர்கள். அதனால் தலையணைக்கு ஆள் வந்துவிட்டதை அவர்கள் ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, தாமதமாக வந்த நியாயமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அவற்றுக்குப் பெயரும் வந்துவிட்டது. 'எங்க வீட்டு ஆளு' என்றார்கள். அந்தத் தெருவில் புருஷனுக்கும் அதுதான் பெயர்.

தெருக்கோடி வீட்டில் மெட்டில்டாவின் தலையணை மட்டும் காலியாக இருந்தது.

அவள் தலையணைக்கு அடியில் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், திருஇருதயப் படத்துக்குப் பின்னால் பார்த்தாள், டிரங்குப் பெட்டியைத் திறந்து கஸ்பாருடைய பழைய சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். பூச்சி உருண்டைதான் உருண்டு ஓடியது. கஸ்பார் கப்பலேறிப் போய் ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு பெருநாளைக்கு ஒரு போன், பிறகு அதுவும் நின்றது. மெக்சிகோப் பக்கம் ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்று ஒருவர் சொன்னார், காய்ச்சலில் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். உயிரோடு இருக்கிறான் என்று நினைத்து ஒரு வருஷம், இல்லை என்று நினைத்து ஒரு வருஷம் என்று மாறிமாறி நினைத்து அவள் அலுத்துப்போயிருந்தாள். கறுப்பும் உடுத்தவில்லை, நல்ல சேலையும் உடுத்தவில்லை. அந்தக் காலையில் தெரு முழுக்க வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, உங்க வீட்டுக்கு வந்துட்டா என்று ஒருத்தியும் அவளைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் இருந்ததுதான் அவளுக்கு வலித்தது.

வீட்டு ஆள் கடலில் இருக்கிறவரை பூச்சி வீட்டில் இருக்கும், அவர் லீவில் வந்து வாசற்படியில் கால் வைத்ததும் அது காணாமல் போகும், அவர் மறுபடி கப்பலேறினால் மறுபடி தலையணையில் வந்து உட்கார்ந்திருக்கும் என்பதெல்லாம் போகப்போகத் தெரிந்தது. ஆள் செத்தால் என்ன ஆகும் என்பது தொபியாஸ் அண்ணன் விஷயத்தில் தெரிந்தது. அவர் ஏதோ ஒரு தூரதேசத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தகவல் வந்த மூன்றாம் நாள், நல்ல வெயிலில், அவர் வீட்டுப் பூச்சி படியிறங்கித் தெருவின் நட்டநடுவில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துக் கடலைப் பார்த்து நடந்தது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கினார்கள், வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அலை வந்து எடுத்துக்கொள்கிற மட்டும் அப்படியே நின்றார்கள். சாயந்தரம் கோயில் மணி அடித்தபோது அவர் மனைவிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வளர்க்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தது மீன்தொட்டிக் கடை சகாயம். அவன்தான் எல்லா வீட்டுக்கும் கண்ணாடித் தொட்டி கொண்டுவந்து, தேங்காய்நார்த் தூள் பரப்பி, ஒளிந்துகொள்ள உடைந்த பானையின் ஓடு ஒன்றைக் கவிழ்த்து, மூலையில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொடுத்தான். இதற்கு டரான்டுலா என்று பெயர், வெளிநாட்டில் ஜனங்கள் நாய் பூனை மாதிரி ஆசைக்கு வளர்க்கிறார்கள் என்று போனில் படம் காட்டினான். "பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா ஒண்ணு இல்ல" என்றும் சொன்னான். முடி சுருண்டு தவிட்டு நிறமாக இருப்பது சுருட்டை, அது சாது. கால் முழுக்க நெருப்பு நிறமாக இருப்பது நெருப்புக்கால், அது கோபக்காரன், பின்னங்காலால் வயிற்று முடியை உதைத்துவிடும், பட்டால் அரிப்பு தாங்காது. முட்டியில் மட்டும் சிவப்பு இருந்தால் அது முட்டுச்சிவப்பு, அதுவும் சாதுதான். அதிலேயே ரெண்டு தினுசு உண்டு, சொந்தத் தாயே பிரித்துச் சொல்ல முடியாது, பல்லுக்கு மேலே மூஞ்சி மாதிரி துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் மங்கலாக இளஞ்சிவப்பில் ரெண்டு கோடு ஓடினால் ஒன்று, கோடே இல்லாமல் மழுங்கலாக இருந்தால் இன்னொன்று.

வந்தவை எல்லாமே பொட்டை என்பதையும் அவன்தான் சொன்னான். உரித்துப்போட்ட தோலை விரித்து வைத்துக் காட்டினான். ஆண் என்றால் நாலைந்து வருஷத்தில் ஆயுசு முடிந்துவிடும், இதெல்லாம் இருபது வருஷம் தாண்டி இருக்கும் என்றான். தெரு கொஞ்ச நேரம் யோசித்தது. "இருக்கட்டுமே, கப்பல்ல சமைக்கிறதும் துணி துவைக்கிறதும் அவியதான" என்றாள் கித்தேரி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சகாயத்துக்கு இனம் பிரிக்கத்தான் தெரியும், ஆளைப் பிரிக்கத் தெரியாது. ஆளைப் பிரிக்க மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. அவள் பேக்கரியில் மக்ரூன் பொட்டலம் போடுகிறவள். முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பண்டம் விரல் கொஞ்சம் அழுந்தினாலே நொறுங்கிவிடும். வருஷக்கணக்காக அதை எடுத்து எடுத்து வைத்த கை அவளுடையது. அந்தப் பூச்சிகளும் அப்படித்தான், இடுப்புயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துப்போகும். தொட்டி கழுவுகிற நாளில் எல்லா வீட்டிலும் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் உள்ளங்கையைத் தரையோடு தரையாக விரித்து வைப்பாள், அது யோசித்து யோசித்து ஏறிவரும். அப்படி ஏறுகிற விதத்தில், எந்தக் காலை முதலில் வைக்கிறது, எவ்வளவு நேரம் தயங்குகிறது, ஏறிய பிறகு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் அவளுக்கு ஆள் தெரிந்துபோகும். தன் வீட்டுக்கு வராதவற்றையெல்லாம் கையில் ஏற்றி ஏற்றி, ஊரான் புருஷன்மார் குணம் முழுக்க அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கித்தேரிக்கும் அவள் ஓரகத்தி பெப்பினாளுக்கும் இரண்டு வீட்டு ஆளும் முட்டுச்சிவப்பு. அண்ணன் தம்பி. தேர்த்திருவிழாவுக்கு எல்லாப் பெண்களும் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கப் போனபோது (நற்கருணை வாங்கும் வரிசையில் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சாமியார் சொல்லியிருந்தார்) கூட்ட நெரிசலில் இருவருக்கும் தொட்டி மாறிவிட்டது. ரொம்ப நாள் கழித்து மெட்டில்டா கித்தேரி வீட்டுத் தொட்டிக்குள் கை வைத்தபோது அது உடனே ஏறி வந்து மணிக்கட்டில் சாய்ந்துகொண்டது. அவள் மூஞ்சியை உற்றுப் பார்த்தாள். கோடு இருந்தது.

"ஏட்டி கித்தேரி, இது உன் கொழுந்தனாருல்லா. உன் வீட்டு ஆளு கோடில்லாத ஆளு, கை வச்சா மூணு தரம் பின்னால போவாவ."

கித்தேரி கரண்டியை வைத்துவிட்டு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அதான பாத்தேன், கொஞ்ச நாளா மனுஷன் நான் பேசுறத காது குடுத்துக் கேக்குதாவளேன்னு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கட்டும்க்கா. அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றாள். பெப்பினாளைக் கேட்டால் அவள் முன்னமே தெரிந்துதான் வைத்திருந்தாள் என்று பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ரொசாரி அக்கா வீட்டில் அந்தக் கூத்து நடந்தது. ஒரு நாள் காலையில் அவள் வீட்டு ஆள் மல்லாக்கக் கிடந்தார், எட்டுக் காலும் மேலே. கடலுக்கு நடந்து போகக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டார் என்று தெரு முடிவுசெய்தது. கோயில் மணி அடித்தது, மணப்பாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள், ரொசாரி அக்கா கறுப்புச் சேலை உடுத்தி, முப்பது வருஷத்துக் குறைகளையெல்லாம் மறந்து, அவரைப் போல உண்டா என்று மார்பில் அடித்து அழுதுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. "என்ன அங்க சத்தம், எவன் செத்தான்?" என்று கேட்டார் வீட்டு ஆள். மெட்டில்டா வந்து தொட்டிக்குள் பார்த்தபோது பழைய தோல் ஒரு பக்கம் கிடந்தது, புதுத்தோலில் பளபளவென்று அது மறுபக்கம் உட்கார்ந்திருந்தது. தோல் உரிக்கிறதுக்கு மல்லாக்கப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். தான் சொன்ன நல்ல வார்த்தைகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லையே என்று ரொசாரி அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அன்றிலிருந்து மெட்டில்டா வந்து பார்த்துச் சொல்லாமல் யார் வீட்டிலும் அழக்கூடாது என்று தெருவில் ஒரு வழக்கம் ஏற்பட்டது.

இப்படி எல்லா வீட்டிலும் அவள் வேண்டியவளாகிப் போனாள். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் அங்கே காலித் தலையணை. ஒருத்தர் இருந்து சமைப்பதற்குச் சின்னக் குக்கர் போதும், அந்தச் சின்னக் குக்கரிலும் சோறு மிஞ்சியது. தெருவில் இல்லாதவர்களெல்லாம் எட்டுக் காலோடு வந்து வீட்டில் இருக்கும்போது, இல்லாமல் இருப்பதிலும் தன் வீட்டு ஆள்தான் தனி என்று நினைத்துக்கொள்வாள். கோபம் வரும். கோபித்துக்கொள்ளவாவது ஒன்று வந்து உட்காரக்கூடாதா என்று அதற்குப் பிறகு அழுகை வரும்.

அவளுக்குப் பக்கத்து வீடு ஜெனோவாவுடையது. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத பெண், வயிற்றில் பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அகலத்துக்கு ஒரு முடுக்கு உண்டு, இருவர் வீட்டுக் கொல்லைக் கதவும் அதில்தான் திறக்கும். அவள் வீட்டு ஆள் ரெக்ஸன் சரக்குக் கப்பலில் இருந்தான். அவன் பூச்சி கோடில்லாத முட்டுச்சிவப்பு, இனத்தைப் பார்த்தால் சாதுவாக இருக்க வேண்டும், ஆனால் அது யார் கிட்டப் போனாலும் முடியை உதைத்துவிட்டுத் தும்ம வைக்கும், ஜெனோவாவின் கையில் மட்டும் வாலாட்டாத குறையாக ஏறி உட்காரும். கல்யாண வீட்டிலேயே ரெக்ஸன் அப்படித்தான் இருந்தான், கிண்டல் செய்த மச்சினன்மார் மேல் எரிந்து விழுந்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் ரெக்ஸனுடைய கப்பலிலிருந்து தகவல் நின்றுபோனது. கம்பெனியில் கேட்டால் தேடுகிறோம் என்றார்கள். அதே வாரத்தில் ஒரு காலை ஜெனோவாவின் தொட்டி மூடி சரிந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தெரு முழுக்கத் தேடியது. கடலுக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காத நேரத்தில் போயிருக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது, ஒருவரும் வாயால் சொல்லவில்லை. ஜெனோவா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். காலித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே கிடந்தாள். ரொசாரி அக்கா கஞ்சி கொண்டுவந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இப்படியே விட்டால் பிள்ளை தங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் ஒரு காலையில் முடுக்கிலிருந்து ஜெனோவாவின் குரல் கேட்டது. மெட்டில்டா கொல்லைக் கதவைத் திறந்தாள். ஜெனோவா இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு நின்றாள், ஏந்திய கையில் ஒரு முட்டுச்சிவப்பு.

"மாமி, அவிய வந்துட்டாவ. வழி தெரியாம உங்க படியில ஏறி உக்காந்திருந்தாவ. நான் பாத்து எடுத்துட்டேன். பாருங்க மாமி, அவியதான?"

மெட்டில்டா குனிந்து பார்த்தாள். பல்லுக்கு மேலே, மங்கலாக, இளஞ்சிவப்பில் ரெண்டு கோடு.

அவள் கையை நீட்டினாள். அது தயங்கவில்லை, இடது முன்காலை முதலில் வைத்தது, ஏறியது, ஏறிய உடனே முழு உடம்பையும் திருப்பி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முடுக்கு தெருவில் போய்த் திறக்கிற வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தது. அவள் கையைத் திருப்பினாள். அதுவும் திரும்பி மறுபடி வெளிச்சத்தையே பார்த்தது. சுவர்ப் பக்கம் திருப்பினாள், கதவுப் பக்கம் திருப்பினாள், எப்படித் திருப்பினாலும் அது வாசலைப் பார்த்தது. கஸ்பார் சாப்பிடும்போது வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான், படுத்தால் வாசலைப் பார்த்துத்தான் படுப்பான், அவள் எதிரில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது அவள் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டு ம், ம் என்பான். பூசைக்குக்கூட நற்கருணை முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவான். எல்லார் வீட்டு ஆளும் வந்து இத்தனை காலம் கழித்து வந்ததில் அவளுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

உயிரோடு இருக்கிறான். அந்தச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, உயிரோடு இருந்துகொண்டா இத்தனை வருஷம் வரவில்லை என்பதும் வந்து முட்டியது. செத்திருந்தால் மன்னித்திருக்கலாம். அவள் நிமிர்ந்தபோது எதிரே ஜெனோவா நின்றாள். கண் குழிவிழுந்து, உதடு வெடித்து, சேலைக்கு மேலே வயிறு மட்டும் முன்னால் தள்ளி நின்றது. இது உன் வீட்டு ஆள் இல்லை என்று சொன்னால், உன் வீட்டு ஆளே இனி இல்லை என்றுதான் அர்த்தம். அவள் இன்றைக்கும் சாப்பிட மாட்டாள்.

"அவியதான்" என்றாள் மெட்டில்டா. "தோலு உரிச்சிருக்காவ, அதான் மூஞ்சி கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. கொண்டுபோய்த் தண்ணி வை. நீயும் ரெண்டு வாய் கஞ்சி குடி."

பிறகு கையைச் சாய்த்து, கஸ்பாரை ஜெனோவாவின் கையில் ஏற்றிவிட்டாள். அவன் மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டான்.

அதன் பிறகு அவள் தினமும் ஜெனோவா வீட்டுக்குப் போனாள். "தொட்டிய ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்" என்பாள். ஜெனோவா சாப்பிட ஆரம்பித்திருந்தாள், கன்னத்தில் சதை பிடித்தது. தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அதோடு பேசுவாள், பிள்ளை உதைப்பதைச் சொல்வாள், சீக்கிரம் வந்துருங்க என்று கெஞ்சுவாள், ராசா என்பாள். ரெக்ஸனுக்குப் போக வேண்டிய கொஞ்சலையெல்லாம் கஸ்பார் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தான். மெட்டில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் பாதியைக்கூட அவள் அவனிடம் சொன்னது கிடையாது, சொல்ல அவன் முகம் கொடுத்தது கிடையாது. ஜெனோவா அடுப்படிக்குப் போகிற நேரம் பார்த்துக் கண்ணாடியில் வாயை வைத்து, "எங்க இருக்கிய? சாப்பிட்டியளா?" என்று கேட்பாள். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"மாமி, முன்னால எல்லாம் யாரு வந்தாலும் முடிய உதச்சு விடுவாவ. இப்ப ஒண்ணும் செய்ய மாட்டக்காவ" என்றாள் ஜெனோவா ஒரு நாள். "என் கையில ஏறுனாலும் அந்தால திரும்பி வாசலையே பாக்காவ. என்மேல கோவமா இருக்குமோ?"

"கடல்ல கஷ்டப்பட்ட ஆளு. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருப்பாவ. உன்மேல என்ன கோவம்?" என்றாள் மெட்டில்டா. சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் இருந்தவனின் முதுகை முறைத்தாள்.

நார்த்தூள் மாற்ற வந்த சகாயம் தொட்டிக்குள் குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. கோட்டைப் பார்த்தான், மெட்டில்டாவைப் பார்த்தான், ஜெனோவாவின் வயிற்றைப் பார்த்தான். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை நன்றாகக் கழுவி வைத்துவிட்டு, "நல்லா இருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போனான். கித்தேரியும் பார்த்தாள். எந்த ரகசியத்தையும் சாயந்தரத்துக்குள் மீன் சந்தைக்கு அனுப்பிவிடுகிற அந்தத் தெரு, இதை மட்டும் வாயில் போட்டு அடக்கிக்கொண்டது. ஆனால் மெட்டில்டா பேக்கரிக்குப் போகும்போதும் வரும்போதும் பெண்கள் வாசலிலிருந்து எழுந்து நின்றார்கள், தொபியாஸ் அண்ணன் கடலுக்குப் போன அன்று நின்ற மாதிரி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிற வாரம் வந்தது. அந்தத் தெருவில் வருஷத்துக்கு ஒரு தடவை அப்போதுதான் பீரோக்களை நகர்த்துவார்கள். ஜெனோவா வீட்டு மரப் பீரோவை ரொசாரி அக்காவும் கித்தேரியும் மெட்டில்டாவுமாகச் சேர்ந்து இழுத்தார்கள். பின்னால் சுவரில் காரை பெயர்ந்து ஒரு பொந்து, பொந்தின் வாயை அடைத்து வெள்ளையாக, தடிமனாக வலை. கித்தேரி விளக்குமாற்றுக் குச்சியால் அதை மெல்ல விலக்கியதும், உள்ளேயிருந்து முதலில் ஒரு சுருங்கின தோல் விழுந்தது, அதற்குப் பின்னால் புதுச் செருப்பு மாதிரி பளபளத்துக்கொண்டு ஒரு முட்டுச்சிவப்பு வெளியே வந்து, கூடியிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, பின்னங்காலைத் தூக்கி எல்லோர் முகத்திலும் முடியை உதைத்தது. ரொசாரி அக்கா தும்மினாள். கித்தேரி கழுத்தைச் சொறிந்துகொண்டு ஓடினாள். தோல் உரிக்கப் போகிற பூச்சி வழியை அடைத்துக்கொண்டு உள்ளே படுத்துக்கொள்ளும் என்பது தெரிந்த தெருதான். ஆனால் கப்பலும் வீட்டு ஆளும் ஒரே வாரத்தில் காணாமல் போன பயத்தில், கடல் பக்கம் பார்த்தவர்கள் பீரோவுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

ஜெனோவா தரையில் உட்கார்ந்து கையை விரித்தாள். அது ஓடிவந்து ஏறிக்கொண்டது. அவள் அரிப்பெடுத்த கன்னத்தைச் சொறிந்துகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எஞ்சின் நின்றுபோய் நடுக்கடலில் மிதந்த கப்பலை ஒரு துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள் என்று ரெக்ஸன் போனில் பேசியது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான், ஆனால் அவள் அந்தப் போனுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் சிரித்து முடித்து, மேசைமேல் இருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் இன்னொன்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பிறகு மெட்டில்டாவைப் பார்க்கத் திரும்பினாள். மெட்டில்டா அங்கே இல்லை, முடுக்கு வழியாகத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

சாயந்தரம் ஜெனோவா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றின்மேல் தாங்கலாக வைத்து மெதுவாக நடந்து வந்து மெட்டில்டாவின் மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சேதான் சொன்னியளா மாமி?"

மெட்டில்டா துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். "நீ சாப்பிடாமக் கெடந்த."

"நீங்க?"

"நான் எப்பவும் சாப்பிடத்தான் செய்யுதேன்."

கதவு வரைக்கும் போன ஜெனோவா நின்றாள். "மாமி, அன்னைக்கு அவிய வழி தப்பி வரல. நேரா உங்க படியிலதான் ஏறியிருந்தாவ, உங்க கதவப் பாத்துதான் உக்காந்திருந்தாவ. நான்தான் பாதியில தூக்கிட்டுப் போயிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மெட்டில்டா விளக்கைப் போட்டாள். கஸ்பார் மேசைமேல் இருந்தான். என் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தானாம், ஒரு நாள், ஒரு காலைப்பொழுது, அதுவும் வெளியே இருந்துகொண்டு. உள்ளே வந்தால் வெளியைப் பார்க்கிறவன் வெளியே இருந்தால் உள்ளே பார்த்திருக்கிறான் என்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, ரொம்ப நாள் கழித்து வந்ததால் அது சிரிப்பு மாதிரியே இல்லை. தொட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் எட்டுக் காலையும் ஒவ்வொன்றாக மாற்றிவைத்து வாசலுக்குத் திரும்பினான். ஒரு கரப்பான் பூச்சி பிடித்துப் போட்டாள். அதை வாசலைப் பார்த்தபடியே தின்றான். அவளும் மேசையின் மறுபக்கம் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அன்றைக்குச் சோறு மிஞ்சவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் மிஞ்சியது.

கைகழுவிவிட்டு வந்தவள் கொஞ்ச நேரம் நின்று அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், வாசலை அடைத்துக் குறுக்காகப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

தெருவில் போனவர்கள் வாசலில் அவள் முதுகைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் போனார்கள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கடுகு கடுகாக எட்டுக் கண்ணும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளைத்தான் பார்க்கின்றனவா, அவள் தோளுக்கு மேலே மிஞ்சியிருக்கிற இடத்தையா என்று சொல்ல முடியவில்லை. மெட்டில்டா நாற்காலியை இன்னும் கொஞ்சம் நடுவில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.